பின்னால் வந்த வெளிச்சம்

வாடகை டிரெய்லரின் பிளக்கைக் காரில் பூட்டிவிட்டு, லைட் எரிகிறதா என்று பார்க்க நாலு சிக்னலையும் போட்டேன். அந்த டிக் டிக் சத்தம் என்னை சுவிஸில் நாங்கள் முதலில் இருந்த ஓஸ்டர்முண்டிகன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது.

அன்று நாங்கள் சோலோதுர்னுக்கு வீடு மாறினோம். ஊரில் வாகனங்களுக்குக் கறுப்பு வயர்தான் எர்த்; இங்கே டிரெய்லருக்கு வெள்ளை. அப்பா டிரெய்லர் பிளக்கில் ஊரில் போலவே கறுப்பை எர்த்தாகப் பூட்ட, டிரெய்லரில் ஒரு லைட்டும் ஒழுங்காக எரியவில்லை. பழைய வீட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுத்தாயிற்று, பொழுதும் படுகிறது.

"இனி எங்கை படுக்கிறது?" என்றா அம்மா.

கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மா எட்டிப் பார்த்தா. நாங்கள் முன்னுக்குப் போக, தன் காரின் நாலு சிக்னலையும் போட்டுக்கொண்டு சோலோதுர்ன் வரைக்கும் பின்னாலேயே வந்தா. இறங்கின பிறகுதான் கண்டோம், வீட்டுச் செருப்போடு வந்திருந்தா.

"எல்லாம் எரியுது, நிப்பாட்டுங்கோ," என்று டிரெய்லருக்குப் பின்னால் நின்று பார்த்த மனைவி சொன்னா.

"கொஞ்சம் எரியட்டும்," என்றேன்.