மாதம்மாவுக்கு லாபம்னா ஒண்ணு

கோவைக்கொடி இலையைக் கசக்கி சிலேட்டுல தேய்ச்சா ஒரு பச்சை வாசம் வரும்... லேசாக் கசப்பு கலந்தாப்ல. என் தங்கச்சி மாதம்மா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலை அதுதான். சிலேட்டைத் தேய்ச்சுக் காயவெச்சு, பலப்பத்தை எடுத்துக்கிட்டு எங்கிட்ட வந்து உக்காருவா.

ரெண்டாவது உலகச் சண்டைக் காலம். வெளக்குக்குக் கிருஷ்ணாயில் கெடைக்காது. பொழுது சாயறதுக்குள்ள கணக்கை முடிச்சாகணும்.

அப்ப தருமபுரி, சேலம் ஜில்லாவுல இருந்துச்சு. நல்லம்பள்ளிக்குப் பக்கத்துல எங்க ஊரு. நான் மூணாங்கிளாஸோட நின்னவ. நானா நிக்கல... பெரியப்பா நிறுத்தினாரு. "பொட்டப்புள்ளைக்கு இது போதும். ஆட்டை யாரு மேய்க்கறது?"ன்னாரு. எங்கப்பா அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டாரு.

பெரியப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அந்தக் கோவம் மட்டும் எனக்கு இன்னும் சாகல.

மாதம்மா நாலாங்கிளாஸ். கூட்டல், கழித்தல் எல்லாம் சட்டுனு போடுவா. ஆனா வாத்தியாரு கதை மாதிரி ஒரு கணக்கைச் சொல்லி, கடைசில "லாபம் எவ்வளவு?"ன்னு கேட்டாப் போச்சு. எந்தக் கணக்கா இருந்தாலும் அவளுக்கு ஒரே பதில்தான்.

"ஒண்ணுங்க, சார்."

கிளாஸே சிரிக்கும். வாத்தியாரும் சிரிப்பாரு. அவளைப் பேர் சொல்லிக் கூப்புடறதையே விட்டுட்டாரு. "ஏ ஒண்ணு, எந்திரி"ம்பாரு. டவுன்ல வளந்த மனுசன், வெளுத்த வேட்டி, பேச்செல்லாம் நறுக்கா இருக்கும்.

ஒரு நா சந்தையில பெரியப்பாவைப் பாத்து, "இந்தப் புள்ளைக்கு மண்டையில ஏறாதுங்க. பரீட்சையிலயும் இதையே சொன்னா மேல அனுப்பமாட்டேன்"னு சொல்லிட்டாரு. பெரியப்பாவுக்கு வெல்லம் தின்ன மாதிரி ஆயிப்போச்சு. வூட்டுக்கு வந்து, "தோத்தா இவளும் களைக்கொத்தைப் புடிக்கட்டும்"னாரு.

மாதம்மா சோறு திங்கல அன்னிக்கு.

மறுநா நான் அவளை உக்கார வெச்சேன். "ஒரு வியாபாரி பன்னண்டு ரூபாய்க்குப் புளி வாங்கி, பதினஞ்சு ரூபாய்க்கு வித்தான். பதினஞ்சுல பன்னண்டு போனா?"

"மூணு."

"அப்ப லாபம் எவ்வளவு?"

"ஒண்ணு."

நறுக்குனு ஒரு கொட்டு வெச்சேன். தேம்பித் தேம்பி அழுதா. அழுகைக்கு நடுவுல, "நீ மட்டும் என்னவாம்... களத்துல அளக்கறப்ப நீயும் அப்பிடித்தானே எண்ணுவ?"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

எங்க களத்துல ராகி அளக்கறப்ப ஒண்ணுன்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. மொத வள்ளம் அளந்து கொட்டறப்ப எங்க ஆயா "லாபம்"னுதான் சொல்லும். அப்புறம்தான் ரெண்டு, மூணு. நாங்களும் கூடச் சேந்து பாடுவோம்... லாபம், ரெண்டு, மூணு. இவ தொட்டில்லருந்து கேட்டது அது. வித்து மிஞ்சுனதை எங்க வூட்ல லாபம்னு சொல்ற வழக்கமே கெடையாது. மிச்சம்னுதான் சொல்லுவோம். மிஞ்சுனதும் என்னைக்கோ ஒருக்காதான்.

அவ தப்பே சொல்லல பாருங்க. கேட்ட சொல்லுக்கு நேரான பதிலைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கா.

"இதப் பாரு மாதம்மா. அது களத்து லாபம். பள்ளிக்கூடத்து லாபம் வேற. வாத்தியாரு லாபம்னு சொன்னா உன் காதுல மிச்சம்னு வுழணும். புரிஞ்சுதா?"

கண்ணைத் தொடச்சுக்கிட்டு யோசிச்சா. "அப்ப நட்டம்னா ரெண்டா, அக்கா?"

சிரிப்பு வந்துருச்சு எனக்கு. அடக்கிக்கிட்டு, கொட்டாங்குச்சியில புளியங்கொட்டையைப் போட்டு, எடுத்துக் காட்டிக் காட்டி, நட்டம்னா கைய விட்டுப் போனதுன்னு சொல்லிக் குடுத்தேன்.

பரீட்சை பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில. ஒவ்வொருத்தரா நிக்கவெச்சு வாய்க்கணக்கு கேப்பாங்க. நான் ஆட்டை ஓட்டிக்கிட்டு அந்தப் பக்கமாத்தான் போனேன். ஆட்டுக்கு அங்க ஒரு புல்லும் கெடையாது.

"ஏ ஒண்ணு, எந்திரி. எட்டு ரூபாய்க்கு வாங்கின கன்னுக்குட்டியைப் பதிமூணுக்கு வித்தா லாபம் எவ்வளவு?"

பசங்க அப்பவே சிரிப்புக்கு வாயைப் பொத்திக்கிட்டானுங்க. மாதம்மா உதடு அசைஞ்சுது. மிச்சம்னு சொல்லிக்கறான்னு எனக்குத் தெரிஞ்சுது.

"அஞ்சுங்க, சார்."

வாத்தியாரு முகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. "சரி... இருபதுக்கு வாங்கின ஆட்டைப் பதினெட்டுக்கு வித்தா நட்டம் எவ்வளவு?"

"ரெண்டுங்க, சார்."

கழிச்சுச் சொன்னாளா, நட்டம்னா ரெண்டுன்னே சொன்னாளான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கெழவியான பொறவும் கேட்டுப் பாத்தேன். சிரிப்பாளே தவிர சொல்லமாட்டா. சொல்லாமயே போய்ச் சேந்துட்டா.

பாஸ் ஆயிட்டா. பெரியப்பா வூட்டுக்கு வந்து, "சரி, அஞ்சாங்கிளாஸ் போகட்டும்"னாரு. நான் ஆட்டுக்கயித்தைப் புடிச்சுக்கிட்டு அங்கயேதான் நின்னேன். யாரு சொல்லிக் குடுத்ததுன்னு ஒரு வார்த்தை கேக்கல. அந்த வாத்தியாரும், 'ஒண்ணு'க்குக் காரணம் தெரிஞ்சப்ப வயிறு குலுங்கச் சிரிச்சாராம். புள்ளைய அப்பிடிக் கூப்புட்டோமேன்னு ஒரு வருத்தம் இல்ல. ரெண்டு பேரையும் நான் மன்னிக்கல.

அடுத்த வருஷம் பூராவும் அவ கணக்கைப் படிக்க, நான் காது குடுக்க... அஞ்சாங்கிளாஸ் கணக்கு அத்தனையும் எனக்கும் அத்துப்படி. பரீட்சைதான் எனக்கு யாரும் வைக்கல.

இப்ப எம்பேத்தி மவ போனைப் பாத்துக் கணக்கு படிக்கறா. ஆன்லைன் டியூஷனாம். எங்க வூட்டுல இப்ப எந்தப் புள்ளையையும் யாரும் நிறுத்தறதில்ல, அந்த மட்டுக்கும் சந்தோசம். மிஸ் கணக்கு சொல்ல ஆரம்பிச்சா நானும் மெல்லப் போய்ப் பக்கத்துல உக்காந்துக்குவேன்.

"ஆயா, கேமராவுல நீங்களும் தெரியறீங்க. கொஞ்சம் தள்ளிக்கங்க."

தள்ளிக்கறேன். மிஸ் அவகிட்டக் கேக்கறப்ப நானும் வாய்க்குள்ளயே பதிலைச் சொல்லிக்கறேன். பாதிக்கு மேல சரியாத்தான் இருக்கு.