பதினேழாம் எண் அட்டை

போன வருடம், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சமயம். எடப்பாடி பக்கம் ஒரு அரசுத் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்புக்கு நான் டீச்சர். அப்போதுதான் கணக்குப் பாடத்துக்குப் புதிதாக ஒரு முறையைக் கொண்டுவந்திருந்தார்கள்.

பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் எண் போட்ட ஒரு சதுர அட்டை. நடுவில் ஆளுக்கொரு மாதிரி கறுப்புக் கட்டங்கள், நான்கு பக்கமும் அ, ஆ, இ, ஈ என்று எழுத்து. ஸ்மார்ட் போர்டில் நான் ஒரு கணக்கும் நான்கு விடைகளும் போடுவேன். எந்த விடை சரியென்று தோன்றுகிறதோ அந்த எழுத்து மேலே வரும்படி அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். என் ஃபோன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்று காட்டினால் போதும், யார் என்ன விடை சொன்னார்கள் என்று பட்டியலாக வந்துவிடும். எனக்கு அது பெரிய அதிசயமாகவே இருந்தது.

ஒரு நாள் மதியம் பட்டியலைப் பார்த்தபோது ஏதோ இடித்தது. அன்று வந்திருந்தது இருபத்தாறு பேர். பதில் சொன்னது இருபத்தேழு பேர். கூடுதலாக இருந்தது பதினேழாம் எண். அந்தப் பெண் பிள்ளை பள்ளி திறந்ததிலிருந்தே வரவில்லை. ஊருக்குப் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள். தினமும் ஃபோன் வருகைப்பதிவில் அவளுக்கு ஆப்சென்ட் போட்டதே நான்தான்.

ஃபோன் கோளாறு என்று விட்டுவிட்டேன். மறுநாளும் பதினேழு வந்தது. அதற்கு மறுநாளும். பெருக்கல் எல்லாம் சரி, வகுத்தல் எல்லாம் தப்பு. அந்தப் பிள்ளைக்கும் நிஜமாகவே வகுத்தல் வராது.

ஐந்தாம் வகுப்பு சாரிடம் காட்டினேன். அட்டை படிக்கும் செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றிக் கொடுத்தார். அப்போதும் வந்தது. கடைசியில் தலைமை ஆசிரியை அதைப் பார்த்துவிட்டு, “ஏனுங்க டீச்சர், ஆளே வராம பதில் எப்படீங்க வரும்? நீங்களே போட்டு உடறீங்களா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் மேலதிகாரி யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? என்னையே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் கேமராவை அவசரமாகச் சுற்றாமல், வரிசை வரிசையாக நிறுத்திக் காட்டினேன். அட்டை இருக்கும் இடத்தில் அந்தப் பிள்ளையின் பெயர் திரையில் தெரியும். கடைசி வரிசையில் ஒருத்தியின் தலைக்கு மேல் அவளுடைய சொந்தப் பெயர் வந்தது. அட்டை கீழே இறங்கியது. இன்னொரு அட்டை ஏறியது. இப்போது அதே தலைக்கு மேல் பதினேழாம் எண்காரியின் பெயர்!

வகுப்பு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். பாவாடையைக் கசக்கிக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

“நீங்கதானுங்க டீச்சர் சொன்னீங்க, அட்டை காட்டாதவங்க பேர ஃபோனே அழிச்சுருமுன்னு. அவ பேரு போயிருமுன்னு பயமா இருந்துச்சுங்க. அதான் மேசையில மிச்சமா கெடந்த அவ அட்டைய நான் எடுத்துக்கிட்டேனுங்க.”

எனக்கு நினைவே இல்லை. யோசித்த பிறகுதான் தெரிந்தது. அட்டை கொடுத்த முதல் நாள், கையைத் தூக்கக் கூச்சப்பட்ட பிள்ளைகளிடம் விளையாட்டாகச் சொன்னது.

“சரி, வகுத்தல் மட்டும் ஏன் தப்பு?”

“அவளுக்கு அது வராதுங்களே டீச்சர்.”

எனக்குக் கோபம் போய்விட்டது. “அவ எங்கடா சாமி இருக்கா?” என்றேன். “ஊட்டுலதானுங்க. தெனமும் சாயங்காலம் போயி பள்ளிக்கொடத்துல நடந்ததெல்லாம் சொல்லுவேனுங்க” என்றாள்.

அன்று சாயங்காலமே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பள்ளியிலிருந்து நான்கு தெரு தள்ளித்தான் வீடு. அப்பா போர்வெல் வண்டியில் வெளி மாநிலம் போயிருந்தார். தறி ஓட்டப் போகும் அம்மா வழுக்கி விழுந்து, கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே வந்த அந்தப் பிள்ளை என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “டீச்சர், எம் பேரு இன்னும் இருக்குதுங்களா?”

“இருக்குது சாமி” என்று அவள் தலையைத் தடவினேன்.

“ரெண்டு நாளைக்குன்னுதானுங்க நிறுத்துனேன். அப்படியே நாள் ஓடிப்போச்சு. யாரும் கேக்கவும் இல்லீங்க, இனி என்னத்த அனுப்பறதுன்னு உட்டுட்டேன்” என்றார் அம்மா. அவர் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. இல்லாத பிள்ளையின் பெயர் ஃபோனில் ஏன் வருகிறது என்று இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட நான், அந்தப் பிள்ளை எங்கே என்று ஒரு நாள்கூடத் தேடிப் போகவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா காலை வேளையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். முதல் வாரம் அவள் மதியம் வரை மட்டும் வந்தாள். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்த பிறகு முழு நாளும் வந்தாள். வகுத்தல் மட்டும் இன்னும் தகராறுதான்.

தோழி செய்தது தப்பு என்று வகுப்பில் சொல்லியிருக்க வேண்டுமா, இல்லை அவளைத் தட்டிக் கொடுத்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் விட்டுவிட்டேன். ஆனால் இப்போதெல்லாம் ஒரு பிள்ளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல வராவிட்டால், ஆப்சென்ட் என்று விரலால் தொட்டதோடு என் வேலை முடிந்ததாக மனசு ஒப்புக்கொள்வதில்லை.