192 என்றால் எழுபத்தைந்து வீதம்

கனடாவில், ஸ்காபரோ பேஸ்மென்ட் அறையில் தனியாகச் சோறு வடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறிதட்டியது: கார்க் கணினியின் எண்கள் வீதம் அல்ல, அங்கே 256தான் நூறு வீதம்!

எஞ்சின் சிலிண்டர் எவ்வளவு காற்றால் நிறைகிறது என்பதைச் சொல்லும் எண்கள் அவை. 192 என்றிருந்ததைப் பிழையென்று நினைத்து, நானே நூறாகக் குறைத்திருந்தேன். உண்மையில் அது எழுபத்தைந்து வீதம். அந்த எண்ணைப் பார்த்துத்தான் கணினி எஞ்சினுக்குப் பெற்றோலை அளந்து விடும். நான் குறைத்ததால் அது போதாமல், பிக்கரிங் போகும் வழியில் பனிக்குள் கார் நின்றுவிட்டது.

“உன்ர மூளையை நீயே வச்சு ஓட்டு, நான் பஸ்ஸில போறன்” என்று இறங்கிப்போன அறைத்தோழன் ரமணன், பிறகு வேறு அறையே பார்த்துக்கொண்டான்.

விடை கிடைத்ததும் “சரிவந்திட்டுதடா!” என்று கத்தினேன். கேட்க யாருமில்லை. கணக்குச் சரியாகியும் இப்படி வெறுமையாக இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

பழைய எண்களைத் திரும்பப் பதித்துவிட்டேன். கார் சீராக ஓடுகிறது. சனிக்கிழமை ரமணன் வேலை முடிந்து வரும் வாசலில் அதை நிறுத்தி, “பிழை என்னிலதான், ஏறடா” என்று கேட்டுப் பார்க்கப்போகிறேன்.