விளக்கினாரா, விலகினாரா

பேச்சை எழுத்தாக்குவதுதான் எங்கள் அலுவலகத்தின் தொழில். கூட்டத்தில் பேசியதை, விசாரணையில் சொன்னதை, வகுப்பில் நடத்தியதை ஒலிப்பதிவாக அனுப்புவார்கள். நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் மிதியை அழுத்தி அழுத்திப் பின்னுக்கு ஓட்டிக் கேட்டு, தட்டச்சு செய்து அனுப்புவோம். மொத்தம் எட்டுப் பேர். நாள் முழுக்க ஊரார் பேச்சையே கேட்டுக்கொண்டிருப்பதால் எங்களுக்குள் பேச்சு குறைவு.

அந்த எட்டுப் பேரில் பாம்புக்காது என்று பெயரெடுத்தவர் எனக்கு அடுத்த மேசை அக்கா. வயது ஐம்பத்திரண்டு. இந்த வேலையில் பத்தொன்பது வருடம். பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தும் கூட்டத்தில், மூலையில் ஒருவர் "ஆமாம்" என்று முனகியதையும் பிடித்துவிடுவார். இருமலைக்கூட வகை பிரிப்பார். இது சளி இருமல், இது 'சீக்கிரம் முடி' என்கிற இருமல் என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் விட்டுவைத்திருந்தோம்.

அக்காவின் ஹெட்போனுக்கு ஒன்பது வயது. காதில் பதியும் குஷன் இரண்டும் அமுங்கி அமுங்கித் தட்டையாகிவிட்டன. மேல்தோல் உரிந்து கறுப்புக் கறுப்பாய் உதிரும். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது அக்காவின் கன்னம், கழுத்து, தோள் எல்லாம் பொடி ஒட்டியிருக்கும். ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் ஒருத்தி அக்காவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, நல்ல தோல் மருத்துவர் ஒருவரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாளாம். அப்போதும் அக்கா ஹெட்போனை மாற்றவில்லை. குஷன் இரண்டாகப் பிளந்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் காதைக் கடித்த பிறகுதான் மேலாளரிடம் போனார்.

எங்கள் மேலாளர் தாளை நம்புகிற மனிதர். பழைய மாடல் நூற்றிருபது. அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இப்போது கடையில் கிடைப்பது நூற்றிருபது எஸ். இரண்டின் விவரத் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, சிவப்புப் பேனாவால் வரி வரியாக டிக் அடித்தார். எடை ஒன்று, கம்பி நீளம் ஒன்று, ஒலி அளவு பற்றிய எண்கள் எல்லாம் ஒன்று. பார்வைக்கும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான். கடைசியில் நிற்கும் எஸ்ஸுக்கு என்ன அர்த்தம் என்று அக்கா கேட்டார். கொஞ்சம் யோசித்த மேலாளர், "சௌகரியம்னு நினைக்கிறேன்" என்றார். எட்டுப் பேருக்கும் புதிதாக எட்டு வந்து இறங்கின.

சௌகரியம்தான், அதில் குறை சொல்ல முடியாது. கொழுகொழுவென்று தோல் குஷன், காது முழுதாக உள்ளே புதைந்துவிடும். எந்தக் குரலும் கனமாய், கம்பீரமாய் ஒலித்தது. மூக்கால் பேசுகிறவர்கூட மேடைப் பேச்சாளராகிவிட்டார். முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

மூன்றாம் நாள் அக்காவுக்கு வந்தது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டம். அந்தச் சங்கத்துக்குப் பதினோரு வருடமாக ஒரே செயலாளர். ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். லிஃப்ட் ஏன் அடிக்கடி நின்றுபோகிறது என்று யாரோ ஒருவர் கேட்க, செயலாளர் எழுந்து நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். பேசி முடித்து, "அவ்வளவுதான், நான் விளக்கிட்டேன். இனிமே இதைப் பத்தி என்னை யாரும் கேக்கக் கூடாது" என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார்.

அக்காவின் காதில் விழுந்தது, "அவ்வளவுதான், நான் விலகிட்டேன். இனிமே இதைப் பத்தி என்னை யாரும் கேக்கக் கூடாது."

அப்படியே அடித்தார். அந்தச் சங்கம் முடிவுகளின் சுருக்கத்தையும் கேட்டிருந்ததால், கடைசியில் தனியாக ஒரு வரியும் சேர்த்தார்: செயலாளர் பதவியிலிருந்து விலகினார்.

அறுபத்து நான்கு வீட்டுக்கும் குறிப்பு போனது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நாற்பதாவது நிமிடத்தில் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்? தான் கண்ணயர்ந்த நேரத்தில் மனிதர் விலகியிருக்கிறார்போல என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். துணைச் செயலாளர் மறுநாள் காலையிலேயே காவலாளியிடமிருந்து அறிவிப்புப் பலகையின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு வீட்டுக்காரர்கள் செயலாளர் வீட்டுக்கே போய், இத்தனை வருடம் உழைத்ததற்கு நன்றி என்று கைகுலுக்கிவிட்டு வந்தார்கள். தான் பேசியதுதானே என்று குறிப்பைப் பிரித்தே பார்க்காத அவருக்கு அந்தக் கைகுலுக்கலில்தான் விஷயம் தெரிந்தது.

கையில் குறிப்புத் தாளோடு நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மேலாளரின் அறைக்குக்கூடப் போகவில்லை, அடித்தது யார் என்று கேட்டு அக்காவின் மேசை முன்னால் நின்றார்.

"அம்மா, நான் விளக்கினேன். விலகலை."

அக்கா பதிவை ஓட்டிக் கேட்டார். மறுபடியும் ஓட்டினார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "சார், நீங்க விலகிட்டேன்னுதான் சொல்றீங்க" என்றார்.

"நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாதா?"

மேலாளர் வந்து கேட்டார். இரண்டு மாதிரியும் கேட்கிறது என்றார். என்னிடம் கேட்டார்கள், நானும் கேட்டேன். சத்தியமாக 'விலகிட்டேன்'தான். எட்டுப் பேருக்கும் ஒரே சரக்குதானே. செயலாளர் மாட்டிக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. தன் குரல் தன்னையே காட்டிக் கொடுக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. குறிப்பைச் சரிசெய்ய ஒரு வாரம் அவகாசம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'தலைவர் நன்றாகப் பேசினார்' என்பதைத் 'தலைவர் நன்றாக ஏசினார்' என்று அடித்துவிட்டார். நல்லவேளை, அனுப்பும் முன் நான் பார்த்தேன். வயதாகிவிட்டது, காது போய்விட்டது என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். காது மருத்துவரிடம் போனார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லிப் பார்த்தார்களாம். முப்பது வயதுக்காரர்களுக்குக்கூட இப்படிக் கேட்காது என்றாராம் மருத்துவர். அக்காவுக்கு அதில் மகிழ்ச்சியே இல்லை. கோளாறு இருந்தால் மருந்து தருவார்கள், இல்லாத கோளாறுக்கு எங்கே போவது?

அக்காவின் கணவர் சோபாவுக்கும் நாற்காலிக்கும் குஷன் தைப்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. எப்போதும் வாயில் நாலைந்து சின்ன ஆணிகளைக் கவ்விக்கொண்டே பேசுவார். அவர் பேசுவது வேறு யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியாது, அக்காவுக்கு மட்டும் ஒவ்வொரு எழுத்தும் புரியும். காது போய்விட்டது என்று அக்கா அவரிடம் புலம்பியபோது, ஆணிகளோடேயே அவர் ஏதோ சொன்னார். அக்கா பதில் சொன்னார். இப்படியே பத்து நிமிடம் பேசிய பிறகு அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "நான் பேசினது புரிஞ்சுதுல்ல, அப்புறம் காதுக்கு என்ன?" என்றார்.

 அக்கா பையிலிருந்த பழைய ஹெட்போனையும் புதியதையும் எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் ஒரே மாடல்தான் என்றார். கணவருக்கு ஒலியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். கட்டைவிரலால் குஷனை அமுக்கிப் பார்த்தார்.

"இது ரெண்டு விரல் கனம். இது அரை விரல்கூட இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னு எவன் சொன்னான்?"

தாளில் இருக்கிறது என்றார் அக்கா. தாளில் யாரும் உட்கார முடியாது என்றார் அவர். குஷன்களைச் சுற்றித் திருகிக் கழற்றி, பழையதின் கிழிந்த குஷனைப் புதியதில் நூலால் கட்டினார், புதியதின் தடித்த குஷனைப் பழையதில் மாட்டினார். செயலாளர் பேச்சின் கடைசி நிமிடத்தை மேலாளரின் அனுமதியோடு அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். புதிய ஹெட்போனைப் பழைய குஷனோடு மாட்டிக் கேட்டார். 'விளக்கிட்டேன்.' 'ள' நாக்கு மடிந்து வந்தது, 'க்கி' கல் தெறித்த மாதிரி வந்தது. பழைய ஹெட்போனைப் புதிய குஷனோடு மாட்டினார். 'விலகிட்டேன்.'

இயந்திரம் இரண்டிலும் ஒன்றுதான், மெத்தைதான் வேறு. தடித்த குஷன் காதைச் சுற்றி இறுக அடைத்துக்கொண்டு, காதையும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியது. அதனால் கூட்ட அறையின் மின்விசிறி உறுமல் பெருத்து, எழுத்துகளின் நுனியை எல்லாம் விழுங்கிவிட்டது. தட்டைக் குஷனில் காது ஒலிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் நுனி தப்பிப் பிழைத்தது. அக்காவுக்கு இதை நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, எதை மாட்டுகிறேன் என்று சொல்லாமல் மாற்றி மாற்றி மாட்டச் சொன்னார். பதினோரு தடவை மாட்டினார் கணவர். பதினோரு தடவையும் அக்கா சரியாகச் சொன்னார். பன்னிரண்டாவது தடவைக்குக் கணவர் சாப்பிடப் போய்விட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்து வேலையில் இறங்கினார். முதலில் மிச்சம் கிடந்த ரெக்சினில் தைத்தார். காது வியர்த்தது, உறுமலும் போகவில்லை. அடுத்து இளகிய பஞ்சு வைத்தார். அரை மணியில் அமுங்கிக் காதுமடல் பிளாஸ்டிக்கில் இடித்தது. மூன்றாவதாக, கெட்டியான மெல்லிய பஞ்சை வைத்துத் துணி உறை போட்டார். எழுத்தெல்லாம் கண்ணாடி மாதிரி கேட்டது. ஆனால் அந்த அளவுக்கு மிச்சமிருந்த ஒரே துணி, யாரோ வரவேற்பறை சோபாவுக்குத் தேர்ந்தெடுத்த பூப்போட்ட துணி. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ.

மறுநாள் அக்கா காதுக்கு ஒரு பூவாக அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தார். மேலாளர் வெகுநேரம் பார்த்தார். என்ன ஏது என்று கேட்டுவிட்டு, தானும் மாட்டிக் கேட்டார். பிறகு அறைக்குள் போய் இரண்டு விவரத் தாளையும் எடுத்து மேலிருந்து கீழாக விரல் வைத்துத் தேடினார். "குஷனுக்குன்னு ஒரு வரியே இல்ல அக்கா" என்று குற்றவாளி போலச் சொன்னார்.

செயலாளரை வரவழைத்தோம். பூக்குஷனைப் பார்த்து முதலில் தயங்கினார். மாட்டிக் கேட்டதும் முகம் மலர்ந்துபோனது. "கேட்டீங்களா, விளக்கிட்டேன்" என்று ஒவ்வொருவரையும் பார்த்துச் சொன்னார். பிறகு, முழுப் பேச்சையும் ஒருமுறை கேட்கலாமா என்று ஆசையோடு கேட்டார். அக்கா மிதியை அவர் காலடிக்கு நகர்த்திவிட்டுத் தன் வேலையைப் பார்க்க என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பத்து நிமிடம் வரை அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தலை நின்றது. மிதியை அழுத்திப் பின்னுக்குப் போனார். மறுபடி கேட்டார். நெற்றி சுருங்கியது. அந்தக் குஷன் அவர் குரலை மட்டுமா கொடுத்தது? நாற்காலி நகர்வது, கதவு நாலு தடவை திறந்து மூடுவது, ஒரு பெண் இன்னொருத்தியிடம் செருப்பு எங்கே வாங்கினாய் என்று விசாரிப்பது, ஒருவர் ஒரே சீராகக் குறட்டை விடுவது, "இவருக்கு வீட்ல பேச ஆளே இல்லையா" என்று மைக்குக்குப் பக்கத்திலேயே ஒருவர் கிசுகிசுப்பது, எல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது. கடைசியில் 'விளக்கிட்டேன்' முடிந்ததும் பல வாயிலிருந்து ஒரே நேரத்தில் ஒரு "அப்பாடா."

ஹெட்போனை மெல்லக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதெல்லாம் நீங்க எப்பவும் கேப்பீங்களாம்மா?"

"கேப்போம் சார். எழுத மாட்டோம்."

கொஞ்ச நேரம் பூவைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா திருத்தக் குறிப்பைத் தயாராக அடித்து வைத்திருந்தார். கையெழுத்துக்காக நீட்டினார். வேண்டாம், விலகியதாகவே இருக்கட்டும் என்றார் அவர். இந்த இடத்தில் அக்கா ஒற்றைக்காலில் நின்றார். எழுதியது தவறு, தன் கையால் எழுதிய தவறைத் திருத்தாமல் விட முடியாது என்றார். அவர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். அக்கா மசியவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். அறுபத்து நான்கு வீட்டுக்கும் போன திருத்தத்தில் இரண்டு வரி இருந்தது. அன்றைய தேதியிட்டு, செயலாளர் விளக்கினார். இன்றைய தேதியிட்டு, செயலாளர் விலகினார்.

துணைச் செயலாளர் இப்போது செயலாளர். அவர் ஐம்பத்தைந்து நிமிடம் பேசுகிறார்.

மேலாளர் எங்கள் எல்லோருக்குமே குஷன் தைக்கச் சொன்னார். மிச்சத் துணியில் தைத்ததால் எட்டும் எட்டு தினுசு. எனக்குப் பச்சைக் கோடு. மேலாளர் தனக்கு மட்டும் கறுப்பாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். குஷன்களைக் கொடுக்க அக்காவின் கணவரே வந்தார். இதில் அப்படி என்னதான் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு என் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். எனக்கு வந்திருந்தது ஏதோ ஒரு குழுவின் திட்டமிடல் கூட்டம். இரண்டு நிமிடம் அசையாமல் கேட்டார். கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, இவ்வளவு பேசுகிறார்களே, இவர்கள் வேலையை எப்போது செய்வார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். வீட்டில் பாதி தைத்த நாற்காலி கிடக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார்.