மகளின் பழைய கம்பெனிச் சட்டை

சகோதரிகளே, ஆண்டவர் செய்ததை மூடி வைக்க எனக்கு மனசில்லை. அதனால் சொல்கிறேன்.

வடக்குப்பட்டில் எங்களுடையது கிணற்றுப் பாசன பூமி. சுற்றிலும் கம்பெனிகள் வந்த பிறகும் நாங்கள் வேர்க்கடலை போடுவதை விடவில்லை. போன குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம், செடி பிடுங்கும்போது என் வீட்டுக்காரரைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. பைக்கில் மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவரைத் தாங்கிப் பிடித்து ரோட்டோரம் கொண்டுவந்து உட்கார வைத்தேன்.

லாரிகள் நிற்கவில்லை. ஷேர் ஆட்டோவில் இடமில்லை. கத்தினேன், அங்கும் இங்கும் ஓடினேன். கம்பெனி பஸ்களோ வெளியாளை ஏற்றாது. ஏற்றினால் டிரைவருக்கு வேலை போய்விடும். என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கிக்கொண்டே வந்தது. நான் பொறுமைசாலி இல்லை. ஜெபத்திலும் ஆண்டவரோடு சண்டை போடுகிறவள். “உமக்குக் கண்ணில்லையா? ஒரே ஒரு வண்டியை நிறுத்தும்!” என்று அழுதேன்.

ஒரு கம்பெனி பஸ் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

“இன்னாமா, வண்டிய வுட்டுட்டியா? இங்க நின்னுகினு கீற?”

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் வெயிலுக்காகப் புடவைமேல் பழைய யூனிபார்ம் சட்டை போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குவோம். நான் போட்டிருந்தது மகளுடையது. அந்த பஸ்ஸின் கம்பெனி, அதே நீலம்.

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “அண்ணா, நான் கம்பெனி ஆளு இல்ல. இவர பாம்பு கடிச்சிட்ச்சி.”

டிரைவர் எட்டி என் வீட்டுக்காரர் காலைப் பார்த்தார். பிறகு, “பேசிகினு நிக்காத, ஏத்து!” என்றார். ஷிப்ட் முடிந்த பிள்ளைகள் இறங்கி வந்து அவரைத் தூக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில், விஷத்தால் ரத்தம் உறையவில்லை என்றார்கள். மருந்து ஏற்றினார்கள், மறுபடி சோதித்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே ஜெபித்தேன். ஞாயிறு காலை நர்ஸ் வந்து, “இப்ப உறையுதும்மா” என்றாள். அங்கேயே முழங்கால் போட்டுவிட்டேன்.

கிறிஸ்மஸுக்கு மட்டும் ஆலயத்துக்கு வந்த மனுஷர், இப்போது வாராவாரம் எனக்கு முன்னே கிளம்பி நின்று, “சீக்கிரம் வா” என்று என்னையே விரட்டுகிறார்!

ஒன்று சொல்ல வேண்டும். அன்று காலை மகள் அந்தச் சட்டையால் பைக் துடைக்கப் போனாள். திட்டிப் பிடுங்கி நான் மாட்டிக்கொண்டேன். சாயங்காலம் நான் கேட்கப்போவதற்கு, ஆண்டவர் காலையிலேயே என் தோளில் பதிலைப் போட்டிருந்தார்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாது. அவரைக் கூப்பிடுங்கள். சண்டை போட்டாவது கூப்பிடுங்கள்.