அரை இஞ்ச் மாஸ்டரும் அறுபது அடி ஆழமும்

கடைத்தெருவில் அவரைப் பெயர் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. அரை இஞ்ச் மாஸ்டர் என்றால் கைப்பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். முப்பது வருடமாகத் தையல் கடை. அளவெடுத்து வெட்டுவது அவர். காஜா எடுப்பது, பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பதெல்லாம் அவர் மனைவி. இடுப்பை ஒரு அரை இஞ்ச் தளர்த்திப் பிடியுங்கள் என்று எவ்வளவு பெரிய ஆள் கெஞ்சினாலும் மாஸ்டர் மசிய மாட்டார். டேப்பைக் கையில் எடுத்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே வசனம்தான்: "நேரா நில்லுங்க. சாஞ்சா அளவு பொய் சொல்லும்." ஒருமுறை ஒரு போலீஸ் அதிகாரி, இதற்கு மேல் நேராக நிற்க எங்கள் பயிற்சியில் சொல்லித் தரவில்லை என்று பரிதாபமாகச் சொன்னாராம்.

அவர் அளவு தப்பியதாகச் சரித்திரமே கிடையாது. அதாவது, அவர் ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. சட்டை இறுக்கிப் பிடித்தால் சட்டை மேல் தப்பில்லை, உடம்பு பெருத்துவிட்டது என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் அந்த மூன்று காலையும் அளந்து நோட்டில் எழுதியும் வைத்திருப்பார்.

இப்படிப்பட்டவர் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினார். கடை எட்டடிக்குப் பத்தடி. ஒரே ஜன்னல், அதுவும் எதிர்க்கடையின் சுவரைப் பார்க்கும். ஊர்க்கோடி ஏரியில் போய் உட்கார்ந்தால் எதிரே சுவர் இல்லை என்பதுதான் அவருடைய சந்தோஷம். அதை அப்படியே சொல்லியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. கௌரவமாக இருக்கட்டும் என்று, மீன் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லித் தொலைத்தார். சொன்னால் மீன் வர வேண்டுமே. இரண்டு கோடையாக ஞாயிறு தவறாமல் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் போய் வெயிலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார்.

மனைவிக்கு மீன் கவலை இல்லை. வாரத்தில் ஆறு நாளும் ஒரே அறையில் இருந்தும் அவள் பார்ப்பது அவருடைய குனிந்த முதுகைத்தான். ஏழாம் நாள் அந்த முதுகும் ஏரிக்குப் போய்விடுகிறது. அவளுடைய தங்கை புருஷன், அதாவது மாஸ்டரின் சகலை, சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அந்தப் படகைக் கொடுத்தால் கடை வாசலில் நிறுத்தி, மண்ணை நிரப்பிப் பூச்செடி வைப்பேன், வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டருக்கு அதைக் கேட்டாலே வயிறு எரியும்.

கடைசியில் அவள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். "வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். ஒரு மீனாவது வந்தா படகு உங்களுக்கு. இல்லன்னா அவர் செடி வெச்சுக்கட்டும்." மாஸ்டர் சரி என்றார். ஆள் வேண்டுமானால் அழுத்தக்காரர், வார்த்தை மாற மாட்டார்.

அவருக்கு அந்தத் துணிச்சல் வந்தது ஒரு கருவியால். படகுத்துறை மெக்கானிக் இரண்டு மாதத்துக்கு முன் அவரிடம் விஷயத்தை விளக்கியிருந்தார். வெயில் காலத்தில் மேல்தண்ணீர் சூடாகிவிடும், பெரிய மீனெல்லாம் குளிர்ச்சி தேடி அடியில் போய்விடும், நீங்கள் மேலே தூண்டில் இழுத்தால் அது உங்களை ஏன் என்று கேட்குமா? இதற்குத்தான் டவுன்ரிகர். படகின் ஓரத்தில் ஒரு சக்கரம், அதில் எஃகுக் கம்பி, கம்பியின் நுனியில் ஈயக் குண்டு. தூண்டில் நரம்பைக் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கவ்வியில் மாட்டி, எத்தனை அடி வேண்டுமோ அத்தனை அடிக்கு இறக்கி, படகை மெதுவாக ஓட்டிப் போக வேண்டும். மீன் கடித்தால் நரம்பு கவ்வியிலிருந்து கழன்றுகொள்ளும். எத்தனை அடி கம்பி இறங்கியது என்று காட்ட ஒரு எண் பலகையும் உண்டு.

அந்த எண் பலகையில்தான் மாஸ்டர் மயங்கினார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்? வீட்டு மொட்டை மாடியில் கருவியைப் பொருத்தி, குண்டைக் கீழே இறக்கி, டேப் வைத்துச் சரிபார்த்தார். முப்பது அடி என்றால் முப்பது அடி; அரை இஞ்ச் பிசகவில்லை. குண்டு கீழ்வீட்டுக்காரரின் சைக்கிள் கூடைக்குள் போய் உட்கார்ந்தது வேறு விஷயம். அவர் மனைவி அந்தக் கருவிக்கு ராட்டினம் என்று பெயர் வைத்தாள்.

ராட்டினம் வந்தும் எட்டு ஞாயிறு வெறுங்கைதான். கேட்டால், மீன்கள் சரியில்லை என்றார்.

ஒன்பதாம் ஞாயிறு மடியில் ஈயக் குண்டோடு அவளும் படகில் உட்கார்ந்தாள். விடிகாலை ஐந்து மணியெல்லாம் ஒரு நேரமா என்று துறை வரைக்கும் முணுமுணுத்தாள். ஏரி நடுவில், மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய மீன்காட்டும் பெட்டியை மாஸ்டர் திறந்தார். திரையில் அறுபது அடியில் வரிசையாக மீன். குண்டை இறக்கினார். பலகையில் அறுபது வந்ததும் நிறுத்தி, மோட்டாரை ஓட்டினார். ஒரு மணி நேரம் போனது. இரண்டு மணி நேரம் போனது. மீன்கள் திரையில் இருந்தன. சட்டிக்கு ஒன்றும் வரவில்லை.

மாஸ்டரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடை வாசலில் மண்ணும் செடியுமாக நிற்கும் படகு அவர் கண்முன்னே வந்துபோனது. அவரைப் பார்க்க மனைவிக்கே பாவமாக இருந்தது. அவரைப் பார்ப்பதை விட்டுக் கம்பியைப் பார்த்தாள். படகு போகப் போக, கம்பி பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, கம்பி நேரா நிக்கலையே" என்றாள்.

மாடியில் அளந்து பார்த்தாயிற்று, அரை இஞ்ச் தப்பில்லை என்றார் மாஸ்டர்.

"மாடி நின்ன இடத்துல நிக்குது. படகு ஓடுதே." கொஞ்சம் நிறுத்தி, அவர் கடையில் சொல்லும் அதே குரலில் சொன்னாள்: "சாஞ்சா அளவு பொய் சொல்லும்."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து தையல் சாக்கட்டியை எடுத்து, கம்பியின் சாய்வைக் கண்ணால் பிடித்து, உட்காரும் பலகை மேல் ஒரு முக்கோணம் போட்டார். சாய்வாக அறுபது, நேராக அளந்தால் ஆழம் நாற்பத்தெட்டுதான். எட்டு ஞாயிறாக மீன்களின் தலைக்குப் பன்னிரண்டு அடி மேலே தூண்டிலை ஊர்வலம் விட்டிருக்கிறார். இன்னொரு முக்கோணம் போட்டார். நேராக அறுபது வேண்டுமென்றால் கம்பி எழுபத்தைந்து.

"ம்" என்றார். அவர் அகராதியில் அதுவே பெரிய மன்னிப்பு. எழுபத்தைந்து விட்டார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. நரம்பு கவ்வியிலிருந்து கழன்றது; வளைந்து நின்ற தூண்டில் கோல் சட்டென்று நிமிர்ந்து, மறுபடி தண்ணீர் பக்கம் வளைந்தது. மாஸ்டர் பாய்ந்தார், ஆனால் கோலை எடுக்க முடியவில்லை. எழுபத்தைந்து அடி கம்பி தண்ணீருக்குள் கிடக்கிறது. அதைச் சுற்றி மேலே எடுக்காவிட்டால் மீனோடு நரம்பு சிக்கிக்கொள்ளும். அவர் ராட்டினத்தைச் சுற்ற, கோல் மனைவி கைக்குப் போனது. விடு, இழு, விடு என்று அவர் மூச்சிரைக்கக் கத்தியதை அவள் காதில் வாங்கவே இல்லை. பாபினில் நூல் சுற்றிய கை. இழுத்தால் விட்டாள், தளர்ந்தால் சுற்றினாள்.

மீன் படகுக்குள் வந்து விழுந்ததும் மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். மீன் நெளிந்தது. அவர் மண்டியிட்டு வாலைப் பிடித்தார். அது டேப்பைத் தட்டிவிட்டது.

"விடுங்க, ட்ரயலுக்கு அடுத்த வாரம் வரட்டும்" என்றாள் மனைவி. இருபத்தெட்டு இஞ்ச் என்று பிற்பாடு தெரிந்தது.

துறையில் சகலை நான்கு மூட்டை மண்ணோடும் பூச்செடிகளோடும் காத்திருந்தார். மீனைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. மெக்கானிக்கும் வந்து எட்டிப் பார்த்தார். யார் பிடித்தது என்று கேட்டார்கள். ராட்டினம் என்னுடையது, கணக்கு என்னுடையது என்று மாஸ்டர் ஆரம்பித்திருக்கலாம். மனைவியும் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"அவதான். எனக்கு அளவு தப்பிப்போச்சு. அவதான் பாத்துச் சொன்னா."

முப்பது வருடத்தில் முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் செதிள் பட்டுவிட்டது என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டாள். சகலை மண் மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். மாஸ்டரே ஒரு கை பிடித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது, அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டாள். அவர் வழக்கம்போல ஐந்து என்றார்.

"ஆறு" என்றாள் அவள்.

மாஸ்டர் தலையாட்டினார். வாழ்நாளில் அரை இஞ்ச் விட்டுக்கொடுக்காத மனுஷன், முழுசாக ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுத்தார்.