பட்டைக்கு அடியில் ஒரு கீறல்

அவரைப் பல்பு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் ஒரு சின்ன பல்பு தொங்கும். அதிலிருந்து இரண்டு வயர், ஒன்றின் முனையில் கிளிப், மற்றதில் ஊசி. வண்டியில் எந்த இடம் வரை கரண்ட் வருகிறது என்று பார்க்கிற டெஸ்ட் லாம்ப். நல்ல மீட்டர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறார், அது பெட்டியிலேயே கிடக்கிறது. "மீட்டர் நம்பர் சொல்லும். இது உண்டு, இல்லைன்னு சொல்லும். எனக்கு அது போதும்" என்பார். உலகத்தையும் அவர் அப்படித்தான் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். அது பாராட்டத்தக்க குணமா என்பது வேறு விஷயம். தொழிலுக்கு உதவியது.

அவருடைய ஷெட் ஒரு டயர் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு கார் நிற்கலாம், மூன்றாவது வந்தால் ஒன்று தெருவுக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளை அவர் தொடுவதில்லை. பழைய கார்கள், மற்ற ஷெட்டுகளில் கைவிட்டவை, அவரிடம் வரும். ஒரு விதி வைத்திருந்தார். கோளாறு தன் கண்முன் ஒரு தடவையாவது வந்து நின்றால்தான் ஸ்பேனரைத் தொடுவார். அதுவரை எந்தப் பாகத்தையும் மாற்ற மாட்டார்.

அந்த விதிக்குப் பதினான்கு வயது. அதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் எலெக்ட்ரீஷியனாக இருந்தார். அங்கே ஒரு பச்சை நிறக் கார் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும், ஓரம் கட்டினால் உடனே கிளம்பும். இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் காயில் சூடாகிப் படுத்துவிடுகிறது என்று முடிவு செய்து, புதுக் காயில் மாட்டினார். எந்தக் காயிலை மாட்டினாலும், அதைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில், மறையும் இடத்தில், தேதியும் மூன்று கோடும் ஊசியால் கீறி வைப்பது அவர் பழக்கம். நான்காம் நாள் கார் மறுபடி நடுரோட்டில் நின்றது. கார்க்காரர் வந்து கத்தினார். ஃபோர்மேன் வேறு ஆளை வைத்து அந்தக் காயிலைக் கழற்றி, இன்னொன்றை மாட்டவைத்தார்.

காலை பத்து மணி, டீ நேரம். முப்பது பேர் முற்றத்தில் நின்றிருந்தார்கள். ஃபோர்மேன் வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "புதுக் காயிலை இவன் எடுத்துக்கிட்டு, பழசைத் துடைச்சு மாட்டியிருக்கான். வேற எப்படித் திரும்ப நிக்கும்?"

"சார், கழட்டின காயிலைக் காட்டுங்க. பட்டைக்கு அடியில என் கீறல் இருக்கும்."

"அது குப்பைக்குப் போயிடுச்சு. நீயும் கிளம்பு."

அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, அதே ஒர்க்ஷாப்பில் பெயின்டர். அக்காவைக் கட்டியவரைத் திருடன் என்று சொன்ன அந்த ஐந்து நிமிடமும் அவன் ஒரு கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தான். மற்றவர்களை மறந்தாலும் அந்தத் தேய்க்கும் சத்தத்தைப் பல்பு மறக்கவில்லை.

செய்தி வீட்டுக்கும் வந்தது. மனைவி துணி தைப்பவள். ஒரு வாரம் கழித்து, வழக்கமாகத் தைக்கக் கொடுக்கும் பெண் ஒருத்தி, தைத்த துணியை வாங்கிக்கொண்டு, "மிச்சத் துணி இருக்குமே, அதையும் குடுத்துடுங்க" என்றாள். அதுவரை யாரும் கேட்டதில்லை. அதன் பிறகு எல்லாரும் கேட்டார்கள். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு துணித் துண்டையும், விரல் அகலம் இருந்தாலும், மடித்து ஊசி குத்தித் திருப்பிக் கொடுக்கிறாள்.

பதினான்கு வருடம் கழித்து ஒரு காலையில் அதே பச்சைக் கார் ஷெட் வாசலில் வந்து நின்றது. இடது விளக்குக்குக் கீழே இருந்த நசுங்கல்கூட அப்படியே இருந்தது. இறங்கியவர் ஃபோர்மேன். ஓய்வு பெற்ற பிறகு, அலுத்துப்போன கார்க்காரரிடமிருந்து அதை அவரே வாங்கியிருந்தார்.

"என்னப்பா, நல்லா இருக்கியா?"

"இருக்கேன். வண்டியில என்ன?"

பழைய 'சார்' இல்லாததை ஃபோர்மேன் கவனித்தார். "அதேதான். ஓடும்போது டப்புனு நிக்குது. ஆறு ஷெட் பாத்துட்டேன். ஒவ்வொருத்தனும் கம்ப்யூட்டர் வயரை எங்க சொருகறதுன்னு தேடறான்."

"விட்டுட்டுப் போங்க. சாயங்காலம் வாங்க."

நிற்கும்போது கார் குறையில்லாமல் ஓடியது. பல்பு அதை ரோட்டில் எடுத்துப் போனார். மேட்டில் ஏறும்போது நிற்கவில்லை, வேகமாகப் போகும்போதும் நிற்கவில்லை. சமமான ரோட்டில், ஆக்ஸிலரேட்டரைச் சற்று லேசாக மிதித்துக்கொண்டு போகும்போது நின்றது. மூன்று தடவை, மூன்றும் அப்படியே.

லேசாக மிதிக்கும்போது இன்ஜினில் உறிஞ்சும் இழுப்பு கூடும். அந்த இழுப்பு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக, தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வந்து, அங்கே ஒரு தகட்டைக் கொஞ்சம் திருப்பும். தகட்டோடு சேர்ந்து, காயிலின் கரண்ட் போகும் ஒரு சின்ன வயரும் வளையும். இன்ஜின் நின்றால் இழுப்பு போய்விடும், தகடு பழைய இடத்துக்கு வரும், வயர் நிமிரும்.

ஷெட்டுக்கு வந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்விட்ச் மாதிரி திறந்து மூடும் பாயின்ட் நன்றாக மூடியிருக்கும்படி இன்ஜினைக் கையால் திருப்பி வைத்தார். லாம்பின் ஒரு முனையை பேட்டரியிலும் மறு முனையை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரிலும் கொடுத்தார். லாம்ப் எரிந்தது. ரப்பர் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். லாம்ப் அணைந்தது. விட்டார், எரிந்தது.

மூடியைத் திறந்து அந்தச் சின்ன வயரை மூக்குக் குறட்டால் மெதுவாக இழுத்தபோது, கை இல்லாத சட்டைக்கை மாதிரி நீண்டு கொடுத்தது. தோல் முழுசாக இருந்தது, உள்ளே கம்பி அறுந்திருந்தது. முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை கார் ஓடும்.

விரல் நீளத் துண்டு வயர். அதை மாற்ற அரை மணி போதும். பல்பு மூடியைத் திரும்ப மாட்டி, பானெட்டைச் சாத்தினார். சாயங்காலம் ஃபோர்மேன் வந்தபோது, "இன்னும் பிடிபடலை. ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்று சாவியைக் கொடுத்தார்.

வீட்டில் பச்சைக் காரைப் பற்றிச் சொன்னதும், மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்: "அவனே வந்தானா?"

"அவரேதான்."

"என்ன 'அவரே'? திருடன்னு சொன்னவனுக்கு மரியாதை வேற."

"கோளாறைக் கண்டுபிடிச்சிட்டேன்."

மெஷின் நின்றது. "சரி பண்ணிட்டீங்களா?"

"இல்லை."

"பண்ணாதீங்க" என்றாள். மெஷின் மறுபடி ஓடியது.

இதை நல்ல காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு மனிதனை நடுரோட்டில் நிற்கவைக்கும் என்று தெரிந்தே ஒரு காரைத் திருப்பிக் கொடுத்திருந்தார். அன்று அவர் நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் ஃபோர்மேன் வேர்த்து வழிய வந்தார். "சிக்னல் தாண்டி நின்னுடுச்சுப்பா. பின்னால வந்த லாரிக்காரன் என் அம்மா வரைக்கும் போயிட்டான்."

"அம்மாவோட நிறுத்திக்கிட்டானா?"

ஃபோர்மேன் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "காயிலாத்தான் இருக்கும். சூடாகி விடுது. டிக்கியில ஒரு தகர டப்பா கிடக்கு, வண்டியோட வந்தது. அந்தக் கார்க்காரர் கழட்டினது எதையும் தூக்கிப் போட மாட்டார். பழைய காயில் ரெண்டு மூணு இருக்கும், மாட்டிப் பாரு."

பல்பு டிக்கியைத் திறந்தார். டப்பாவில் துருப்பிடித்த பிளக்குகள், ஒரு கண்டென்சர், மூன்று காயில்கள். இரண்டாவது காயிலின் நடுவில் பட்டை இருந்த தடம் வெளிறிக் கிடந்தது. பெட்ரோல் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்தார். தேதி தெரிந்தது. பக்கத்தில் மூன்று கோடு.

குப்பைக்குப் போகவில்லை. பதினான்கு வருடமாக அதே காரின் டிக்கியில் உருண்டுகொண்டிருந்தது.

பல்பு அந்தக் காயிலைத் துணியில் சுற்றித் தன் கருவிப் பெட்டியில் வைத்தார். "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வண்டியைப் பழைய ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு வாங்க. அங்க சரி பண்றேன்."

"அங்க எதுக்குப்பா?"

"அங்கதானே கெட்டுது."

ஃபோர்மேனுக்கு அது புரிந்ததா என்பது தெரியாது. வேறு போக்கிடம் இல்லாததால் வந்தார்.

ஒர்க்ஷாப் முற்றம் அதேதான், ஆட்கள்தான் மாறியிருந்தார்கள். இருபது பேர் டீ கிளாஸோடு நின்றிருந்தார்கள், முக்கால்வாசிப் பேருக்கு இவர் யாரென்றே தெரியாது. பழைய ஆட்களில் வாட்ச்மேன் இருந்தார், மச்சினன் இருந்தான். அவன் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு, இவரைப் பார்த்ததும் டீயை வைத்துவிட்டான்.

பல்பு பானெட்டைத் தூக்கினார். லாம்பை மாட்டினார். ரப்பர் குழாயை ஃபோர்மேனிடம் நீட்டினார். "உறிஞ்சுங்க."

"நானா?"

"நீங்கதான்."

எழுபதை நெருங்கும் மனிதர் குனிந்து குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். லாம்ப் அணைந்தது. இரண்டு மூன்று மெக்கானிக்குகள் நெருங்கி வந்தார்கள். "அட, உள்ளுக்குள்ள அறுந்திருக்கு" என்றான் ஒருவன்.

"காயில்ல கோளாறே இல்லை. அன்னைக்கும் இல்லை" என்ற பல்பு, கருவிப் பெட்டியிலிருந்து கீறல் உள்ள காயிலை எடுத்து ரேடியேட்டர் மேல் வைத்தார். "இது நான் மாட்டினது. உங்க டிக்கியில இருந்தது. குப்பைக்குப் போயிடுச்சுன்னு சொன்னீங்க."

ஃபோர்மேன் வாயைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கோடுகளைப் பார்த்தார். "சரிப்பா. ஆனா இந்த வயரை நீயும்தான் அன்னைக்குக் கண்டுபிடிக்கலை."

சுற்றி நின்றவர்களுக்கு அது சரியான பதிலாகப் பட்டது. பல்புக்கும்தான்.

"கண்டுபிடிக்கலை. அது என் தப்பு. வேலை தெரியாதவன்னு நீங்க அனுப்பியிருந்தா வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பேன். திருடன்னு சொன்னீங்க. இது டிக்கியில போனது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்." ஃபோர்மேன் யாரையும் பார்க்கவில்லை. "கார்க்காரர் பதில் கேட்டு நின்னாரு. யாரையாவது கைகாட்டணும். நீ பக்கத்துல இருந்த."

"சத்தமா சொல்லுங்க."

"இவன் எடுக்கலை. தெரிஞ்சே நான்தான் அப்படிச் சொன்னேன்."

வாட்ச்மேன் தலையாட்டினார். புதியவர்களில் பலர் கிளாஸைக் கழுவப் போய்விட்டார்கள். மச்சினன் அருகில் வந்து, "மாமா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

"நீ போய்த் தேய்ச்சுக்கிட்டு இரு" என்றார் பல்பு.

பிறகு வேலையில் இறங்கினார். அறுந்த துண்டை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் புது வயரைப் பற்றவைத்தார். அது முடிந்ததும் ஃபோர்மேன் சாவியைத் தேடினார். பல்பு நிறுத்தவில்லை. காரில் இருந்த நல்ல காயிலைக் கழற்றி டப்பாவில் போட்டார். அந்த இடத்தில் தன் பழைய காயிலை வைத்தார். பட்டையைச் சற்றுக் கீழே இறக்கி, கீறல் வெளியே தெரியும்படி, பானெட்டைத் திறக்கும் ஆளைப் பார்த்தபடி திருப்பி முடுக்கினார். மச்சினனின் மேஜையிலிருந்து சிவப்பு பெயின்டை எடுத்து, நட்டின் மேல் ஒரு கோடு போட்டார்.

"இதைத் திருப்பி வெச்சா கோடு உடையும். எனக்குத் தெரிஞ்சுடும். யாராவது இது என்ன கீறல்னு கேட்டா, சொல்லுங்க."

"சொல்லலைன்னா?"

"கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

கார் ஒரே செல்ஃபில் கிளம்பியது. பதினான்கு வருடம் டப்பாவில் கிடந்த காயில், எந்தக் குறையுமில்லாமல் ஓடியது.

அன்று மதியம் மனைவி ஒரு துண்டுத் துணியை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"சொன்னானா?"

"சொன்னார். தெரிஞ்சேதான் சொன்னேன்னு சொன்னார்."

"அன்னைக்கு இருந்தவங்க எத்தனை பேர் கேட்டாங்க?"

"ரெண்டு பேர். உன் தம்பி, வாட்ச்மேன்."

"அன்னைக்கு முப்பது பேர்." அவள் பல்லால் நூலைக் கடித்தாள். "அப்ப இருபத்தெட்டு பேர் பாக்கி."

பல்பு கழுத்திலிருந்து லாம்பைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"வண்டி ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, கீறலோட" என்றார்.